ஆடி முடித்துவிட்டு கோச் ஆகிவிடுவேன் என்கிறான் மகன்

கேள்வி: எனக்கு ஒரே மகன், வயது 17. கோயம்புத்தூரிலிருந்து வந்து கனடாவில், டொராண்டோ பக்கத்து மிசிசாகாவில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்து சின்ன வயதிலேயே லாக்ராஸ் (வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) ஆடப் போனான். பொழுதுபோக்குதானே என்று விட்டுவிட்டோம். இப்போது ஜூனியர் அணியில் ஆடுகிறான், நன்றாக ஆடுவதாகவும் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு போதும், என்எல்எல் டிராஃப்ட்தான் (தொழில்முறை லீக்கின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) என் வழி, 35 வயது வரை ஆடிவிட்டு அப்புறம் கோச் ஆகிவிடுவேன் என்கிறான். வீட்டில் தினமும் சண்டை. அவன் அம்மா ஸ்டிக்கை ஒளித்து வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஆட்டம், அதில் நம் பையனை யார் கோச் ஆக்கப் போகிறார்கள் என்பது என் கவலை. இது ஒரு தொழில்தானா? நிறுத்தச் சொல்லலாமா? நீங்கள் விளையாட்டு மாணவர்களுக்கு வேலை, படிப்பு ஆலோசனை சொல்பவர் என்பதால் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தந்தை

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மகனின் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் டிராஃப்ட் என்கிறான் அல்லவா? 18 வயதுப் பையன்களைப் பெரிய அணிகள் பெயர் சொல்லி எடுப்பது ஹாக்கியில். உங்கள் மகன் ஆடும் பாக்ஸ் லாக்ராஸில், அதாவது அரங்குக்குள் ஆடும் லாக்ராஸில், வழக்கம் வேறு. நேஷனல் லாக்ராஸ் லீக், அதாவது அவன் சொல்லும் என்எல்எல், டிராஃப்டில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஜூனியர் காலத்தை முடித்தவர்கள், இல்லாவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டே பட்டம் வாங்கும் தறுவாயில் இருப்பவர்கள். ஜூனியர் 21 வயது வரை போகிறது. ஆக, பள்ளி முடிவதற்கும் டிராஃப்டுக்கும் நடுவில் மூன்று, நான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் என்ன செய்வதாக உத்தேசம் என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். கோபமாக வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

இதில் ஒரு சௌகரியமும் உண்டு. ஒன்டாரியோவில் ஜூனியர் லாக்ராஸ் கோடைக்கால ஆட்டம். வசந்தத்தின் கடைசியில் தொடங்கும்; கனடிய ஜூனியர் பட்டத்துக்கான மின்டோ கோப்பை வரை போனால் ஆகஸ்டில் முடியும். பல்கலைக்கழக வகுப்புகள் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஒன்று முடிகிற இடத்தில்தான் மற்றது தொடங்குகிறது. படிப்பா ஆட்டமா என்று உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கு காலண்டரில் காரணமே இல்லை. செப்டம்பரிலும் ஸ்டிக்கைக் கீழே வைக்க மனமில்லை என்றால், கனடியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஃபீல்டு லாக்ராஸ் (திறந்த மைதானத்தில் ஆடுவது) இலையுதிர் காலத்தில் நடக்கிறது. பிராக், வெஸ்டர்ன் போன்றவை அதில் பெயர் பெற்றவை.

சரி, இது தொழில்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். தொழில்தான், ஆனால் வார இறுதித் தொழில். என்எல்எல் சீசன் குளிர்காலத் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் வரை போகும், அதற்குமேல் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்கள். ஒரு அணிக்கு வழக்கமான ஆட்டங்கள் 18. கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளி, சனி, ஞாயிறில். வீரர்களில் பெரும்பகுதி தெற்கு ஒன்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வசிப்பவர்கள். அணி வேறு ஊரில் இருந்தால் வெள்ளிக்கிழமை விமானம் ஏறி, சனிக்கிழமை ஆடி, ஞாயிறு வீடு திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போவார்கள். அந்த வேலை ஆசிரியர் வேலையாக இருக்கலாம், மின்பணியாக இருக்கலாம். பல ஆண்டுகள் லீக்கில் முன்னணி வீரராக இருந்த டான் டாசன் பிராம்ப்டனில் தீயணைப்பு வீரர். ஏன் இப்படி என்றால், ஒரு சீசன் முழுக்க ஆடி வரும் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு டொராண்டோ பக்கம் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாது. உங்கள் மகனுக்கு இது தெரியாமல் இருக்காது. அவனுடைய அணியிலேயே இப்படி வாழும் கோச் யாராவது இருப்பார். தனக்கு மட்டும் வேறு மாதிரி அமையும் என்று 17 வயது நினைக்கும். அது அந்த வயதின் இயல்பு.

உங்கள் ஊரில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜான் டவாரஸ். மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஹாக்கி வீரர் ஜான் டவாரஸ் அல்ல, அவருடைய சித்தப்பா. பெயர் ஒன்றே. போர்ச்சுகலிலிருந்து குடியேறிய குடும்பம், டொராண்டோவில் 1968இல் பிறந்தவர். 1992இல் என்எல்எல்லின் பஃபலோ பேண்டிட்ஸ் அணியில் சேர்ந்து 2015 வரை, 24 சீசன், அதே அணிக்கு ஆடினார். 306 ஆட்டம், 815 கோல். ஓய்வு பெற்றபோது லீக்கில் அதிக கோல், அதிக புள்ளி எடுத்தவர் அவர்தான். கடைசி ஆட்டத்தின்போது வயது 46.

அந்த மனிதர் மிசிசாகாவில் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். வாரம் முழுக்கப் பையன்களுக்கு அல்ஜீப்ரா, வார இறுதியில் எல்லையைத் தாண்டி பஃபலோவில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஆட்டம். லாக்ராஸ் வரலாற்றின் ஆகச் சிறந்த பாக்ஸ் வீரர் இவரே என்று பலர் சொல்லும் ஒருவரின் நிலைமை இது. ஆசிரியர் வேலையை அவர் ஆட்டத்துக்காக இழந்த ஒன்றாகவோ, ஆட்டம் தோற்றால் பிழைத்துக்கொள்ள வைத்திருந்த மாற்று ஏற்பாடாகவோ நான் பார்க்கவில்லை. மாதச் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால்தான் 46 வயது வரை ஒருவரால் ஆட முடிகிறது. லாக்ராஸை மட்டும் நம்பி இருந்திருந்தால், பலரைப்போல முப்பதை ஒட்டி, குழந்தை பிறந்து வீட்டுக்கடன் ஏறும்போது நிறுத்த வேண்டியிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்? அதே பேண்டிட்ஸின் பயிற்சியாளர் குழுவுக்கு வந்தார், பிறகு தலைமைப் பயிற்சியாளர். உடனே கோப்பை கைக்கு வந்துவிடவில்லை. 2019இல் இறுதிப்போட்டியில் கால்கரியிடம் தோல்வி. 2022இல் கொலராடோவிடம் தோல்வி. அதன் பிறகு 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து கோப்பை. வீரராக 1992, 1993, 1996, 2008 ஆகிய ஆண்டுகளில் வென்ற நாலு கோப்பைகள் ஏற்கெனவே இருந்தன.

ஆடிவிட்டு கோச் ஆகலாம் என்று உங்கள் மகன் சொல்லும்போது அவன் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்தப் படம்தான். படம் பொய்யில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். லீக்கில் 14 அணிகள். அணிக்கு இருபது சொச்சம் வீரர்கள் என்றால் மொத்தம் முந்நூறு பேருக்கு மேல். தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி பதினான்கே. உதவிப் பயிற்சியாளர்கள் அணிக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், ஆனால் அவர்களில் பலருக்கும் அது வார இறுதி வேலையே. நாற்காலிக்கும் நிரந்தரம் இல்லை. கால்கரி ரஃப்னெக்ஸ் கேப்டனாகப் பெயர் வாங்கிய ட்ரேஸி கெலுஸ்கி, டெக்ஸாஸில் புதிதாகத் தொடங்கிய பேன்தர் சிட்டி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மூன்று சீசன் ஆடியபின் 2024இல் அந்த அணியே மூடப்பட்டது. அணி ஒழுங்காக ஆடியும்கூட. அதே ஆண்டில் நியூயார்க் அணி ஒட்டாவாவுக்கு இடம் மாறியது. லீக் முழுக்கவே நின்றதும் உண்டு: 2007இல் ஒப்பந்தத் தகராறில் சீசனே ரத்து என்று அறிவித்து, சில நாள் கழித்து மீட்டார்கள். கொரோனாவால் 2020 சீசன் பாதியில் நின்றது, 2021இல் ஆட்டமே இல்லை. அந்த இரண்டு குளிர்காலத்திலும் வேறு வேலை வைத்திருந்தவர்கள் எப்படி இருந்திருப்பார்கள், வைத்திராதவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள்.

அவன் திட்டத்தில் எனக்கு நெருடுகிற இடம் அந்த "அப்புறம்" என்ற சொல். முதலில் ஆட்டம், அது முடிந்தபின் பயிற்சி என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கிறான். நல்ல பயிற்சியாளர்களின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால் அந்தப் பிரிவினை கிடையாது. கேரி கெய்ட்டை எடுத்துக்கொள்வோம், லாக்ராஸ் ஆடுகிற பையன் எவனுக்கும் தெரிந்த பெயர். கொலராடோ மேமத் அணியில் 2005 வரை வீரர், 2006இல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர், அந்த முதல் ஆண்டிலேயே கோப்பை. பார்க்க ஒரே தாவலாகத் தெரியும். ஆனால் அவர் 1990களிலேயே, தொழில்முறையில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் உதவிப் பயிற்சியாளர். 1995 முதல் 2001 வரை அந்த அணி தொடர்ந்து ஏழு தேசியப் பட்டம் வென்றது. பெண்கள் லாக்ராஸுக்கு விதிகளே வேறு, ஆடும் பாணியே வேறு. தனக்குப் பழக்கமில்லாத ஆட்டத்தில் பிறருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததுதான் அவரைப் பயிற்சியாளராகத் தேற்றியது என்பது என் எண்ணம். பிறகு பல ஆண்டுகள் சிராக்யூஸ் பெண்கள் அணிக்கும், இப்போது ஆண்கள் அணிக்கும் அவர்தான்.

ஆட்டத்தில் கெட்டிக்காரன் எல்லாரும் பெஞ்சுக்குப் பின்னால் நின்றால் கெட்டிக்காரன் ஆகிவிடுவதில்லை. பாக்ஸ் லாக்ராஸில் இது இன்னும் கடினம். தாக்குகிற ஐந்து பேர் ஷாட் அடித்ததும் பெஞ்சுக்கு ஓடிவருவார்கள், தடுக்கிற ஐந்து பேர் இன்னொரு கதவு வழியாக இறங்குவார்கள். 30 விநாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கோல் வலையின் உயரம் 4 அடி, அகலம் 5 அடிக்கும் குறைவு, அதையும் கனத்த கவசம் போட்ட கோலி அடைத்துக்கொண்டு நிற்பார். வெறும் வேகத்தில் பந்து உள்ளே போகாது, ஏமாற்றித்தான் போட வேண்டும். எவர் களைத்திருக்கிறார், எவரை அடுத்த ஷிஃப்டில் இறக்குவது, எதிரணியின் இடது கைக்காரருக்கு யாரைக் காவல் போடுவது என்பதை ஆட்டம் நிற்காமலே முடிவு செய்ய வேண்டும். அதோடு, கோபமாக உட்கார்ந்திருக்கும் 19 வயதுப் பையனிடம் நாலு வார்த்தையில் பேசத் தெரிய வேண்டும். இது ஆடும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. வகுப்பறை இதற்கு மோசமான பயிற்சிக்களம் இல்லை, டவாரஸ் விஷயத்தில் அது உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதனால் என் யோசனை, அவனை நிறுத்தச் சொல்லாதீர்கள். கோச் ஆவதை இந்தக் கோடையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். அவன் வளர்ந்த உள்ளூர்ச் சங்கத்தில் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளின் அணி இருக்கும். அங்கே உதவிக்கு ஆள் எப்போதும் பற்றாக்குறைதான். வாரம் ஒரு மாலை போய் அந்தக் குழந்தைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அழுவான், இன்னொருத்தனின் அப்பா ஏன் என் பையனுக்கு நேரம் தரவில்லை என்று சண்டைக்கு வருவார். இரண்டு மாதம் கழித்தும் அவனுக்கு அது பிடித்திருந்தால், கோச் ஆசை உண்மையானது. சலித்துப்போனால், அவனுக்கு வேண்டியது ஆட்டம் மட்டுமே, கோச் என்பது உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை என்று தெரிந்துவிடும். 17 வயதில் அது தெரிவது லாபம்தான்.

பிடித்திருந்தால் அடுத்தது சான்றிதழ். கனடாவில் தேசியப் பயிற்சியாளர் சான்றிதழ் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, எல்லா விளையாட்டுக்கும் பொது. லாக்ராஸுக்கு அதன் படிகளை லாக்ராஸ் கனடாவும் மாகாணச் சங்கமும் நடத்துகின்றன. சமூக நிலையிலிருந்து தொடங்கிப் போட்டி நிலைக்குப் போகலாம். இதெல்லாம் ஆடிக்கொண்டே முடிக்கக்கூடியவை. கூடவே நடுவர் பயிற்சியும் எடுக்கட்டும். அவன் வயதுப் பையன்களுக்குக் கைச்செலவுக்கு ஆகும், விதிப்புத்தகமும் மனதில் பதியும். விதியை நடுவரின் கண்ணால் பார்த்த கோச்சுக்குத் தேவையில்லாத பெனால்டி குறையும்.

படிப்பில் எதை எடுப்பது? இங்கே என் பார்வை கொஞ்சம் உங்களுக்கு எதிராகவே இருக்கும். எந்தப் பட்டம் அதிகச் சம்பளம் தரும் என்பதை விட, எந்த வேலை வெள்ளி மாலையையும் சனி ஞாயிறையும் விட்டுத்தரும் என்பதை முதலில் பாருங்கள். கணினித் துறைதான் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், அவன் படிப்பையும் விடுவான், உங்களையும் விடுவான். ஆசிரியர் படிப்பு பொருந்தும். ஒன்டாரியோவில் பட்டத்துக்குமேல் நான்கு செமஸ்டர். உடலியக்கவியல் படித்து பிசியோதெரபி பக்கம் போகலாம். மின்பணி, பிளம்பிங் போன்ற தொழில்களில் அப்ரென்டிஸ் ஆகச் சேர்வதும் இங்கே கௌரவமான வழி. நம் வீடுகளில் அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் லாக்ராஸ் வீரர்கள் பலர் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

உடம்பைப் பற்றியும் அவனிடம் பேசுங்கள். பாக்ஸ் லாக்ராஸில் ஸ்டிக்கின் தண்டால் தள்ளுவது விதிக்கு உட்பட்டது. சுற்றுச் சுவரில் மோதுவதும் ஆட்டத்தின் பகுதி. தோள், முழங்கால், தலை மூன்றும் அடிபடும். தலையில் அடிபட்டதை மறைத்து ஆடுவது ஆண்மை என்று நினைக்கிற பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். ரக்பியில் மூளை அதிர்ச்சிக்குப் பின் இறந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண்ணின் பெயரால் ஒன்டாரியோவில் 2018இல் சட்டமே வந்திருக்கிறது. 26 வயதுக்குட்பட்ட வீரர்களும், சிறுவர்களாக இருந்தால் பெற்றோரும், பயிற்சியாளர்களும் ஆண்டுதோறும் அதற்கான விளக்கத்தைப் படிக்க வேண்டும். நீங்களும் ஆண்டுதோறும் 'படித்தேன்' என்று உறுதி கொடுத்திருப்பீர்கள். படிக்காமலே கொடுத்திருந்தால் இன்று எடுத்துப் படியுங்கள்.

வெள்ளைக்காரர்கள் ஆட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. லாக்ராஸ் இந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. அவர்களில் ஹௌடெனோசௌனி மக்களுக்கு அது படைத்தவனுக்காக ஆடுவது, நோய் தீர்க்க ஆடுவது. மிசிசாகாவிலிருந்து ஒரு மணி நேரக் காரோட்டத்தில் கிராண்ட் நதிக்கரையில் அவர்களுடைய குடியிருப்பான சிக்ஸ் நேஷன்ஸ் இருக்கிறது. அங்கே போய் ஒரு கோடை மாலை ஆட்டம் பாருங்கள், குடும்பமாக. ஹௌடெனோசௌனி அணி உலகப் போட்டிகளில் கனடாவாகவோ அமெரிக்காவாகவோ ஆடுவதில்லை, தங்கள் தேசத்தின் பெயரில்தான் ஆடுகிறது. அரங்குக்குள் ஆடும் வடிவம் மட்டும் 1930களில் வந்தது. கோடையில் காலியாகக் கிடந்த ஹாக்கி அரங்குகளை நிரப்பி டிக்கெட் விற்க வேண்டும் என்று உரிமையாளர்கள் போட்ட வியாபார யோசனை அது. நம் பையனை யார் கோச் ஆக்குவார்கள் என்ற உங்கள் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. பெஞ்சுகளுக்குப் பின்னால் நம் முகங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் வாய்ப்பு அகலமாகிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லாக்ராஸ் இருக்கிறது, அணிக்கு ஆறு பேர் ஆடும் வடிவத்தில். பதக்க விளையாட்டாக 1908க்குப் பிறகு இப்போதுதான். சின்ன மைதானம், 30 விநாடிக் கடிகாரம் என்று அது பாக்ஸ் ஆட்டக்காரர்களுக்குப் பழகிய வேகம். புதிதாக அணி கட்டும் நாடுகளுக்கு அந்த வேகத்தைக் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்படும். என்எல்எல் பெஞ்ச் ஒன்றையே குறிவைத்துக் காத்திருக்காமல் இந்தப் பக்கமும் அவன் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு அவசர விஷயம். அமெரிக்கக் கல்லூரி அணிகள் கனடிய பாக்ஸ் பையன்களை விரும்பி எடுக்கின்றன, சின்ன வலையில் கோல் போட்டுப் பழகிய கை என்பதால். அந்த எண்ணம் அவனுக்கு இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பில் யோசிப்பது தாமதம். முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ கேட்கும் 16 அடிப்படைப் பாடங்கள் இருக்கின்றன, அவற்றில் மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். கணிதத்தையும் அறிவியலையும் இப்போது விட்டுவிட்டால் அந்தக் கதவு சாத்திவிடும், எவ்வளவு நன்றாக ஆடினாலும். உதவித்தொகையும் பெரும்பாலும் முழுத்தொகையாக இருக்காது. மீதியை உங்கள் வங்கிக் கணக்கு தாங்குமா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். "ஸ்கவுட் வருவார்" என்று சொல்லிப் பெரும் பணம் கேட்கும் முகாம்களுக்கு, எந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் வருகிறார் என்று பெயர் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். இந்த வாரமே அவனை அழைத்துக்கொண்டு பள்ளியின் வழிகாட்டு ஆலோசகரைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவன் எடுத்த பாடப்பட்டியலைக் கையில் கொண்டு போங்கள்.